குண்டடம்: நாலு கலர், அப்ரூவலுக்கு

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதாங்க. நாலு சாட்டிலைட் படத்தை ஒரே ஃபைலா சேவ் பண்ணி, மதியம் மூணு மணிக்குள்ள ஒரு மெயில் அனுப்பணும்.

இதெல்லாம் ஒரு வேலையா?

வேலை என்னோடது இல்ல, என் பொண்டாட்டி கவிதாவோடது. அவ ஸ்கூல்ல ஜியாகரஃபி டீச்சர். வேலைக்குப் போய்க்கிட்டே பிஎச்.டி. பண்றா. குண்டடம் பக்கத்துல இருக்கற அவ பொறந்த ஊரை சாட்டிலைட் படத்துல பாத்து, தண்ணியைப் பத்தி ஏதோ ஆராய்ச்சி.

'ஏதோ'ன்னு சொல்றதுக்கு மன்னிக்கணும். ரெண்டு வருஷமா சாப்பிட உக்காரும்போதெல்லாம் வெளக்கமா சொல்லிக்கிட்டுத்தான் இருந்தா. நானும் ரெண்டு வருஷமா நல்லா தலையாட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்.

மூணு மணிக்கு அவளோட கைடு மேடம் அந்தப் படத்தைக் கமிட்டி முன்னால வச்சு ஓகே வாங்கணும். அதை விட்டா அடுத்த கமிட்டி ஆறு மாசம் கழிச்சுத்தான். நாலு படத்தையும் தனித்தனியா வேண்டாம், ஒரே ஃபைலா குடுங்கன்னு மேடம் காலையிலதான் மெசேஜ் போட்டிருக்காங்க. கவிதாவுக்கோ அன்னைக்குப் பப்ளிக் எக்ஸாம் டூட்டி. உள்ள போனா போனை ஆஃப் பண்ணிக் குடுத்துடணும். பேப்பரெல்லாம் கட்டி சீல் வச்சு வெளிய வர நாலு மணி ஆயிடும்.

அவ லேப்டாப் வேற ஒரு மாசமா சர்வீஸ்ல கெடக்கு. மேப் சாஃப்ட்வேரை என் கடை கம்ப்யூட்டர்லதான் ஏத்தி வச்சிருந்தா. அதனால ஏழரை மணிக்கு, ஒரு கால்ல செருப்போட, ஒரு பென்டிரைவையும் ஒரு துண்டுச் சீட்டையும் என் கையில திணிச்சா.

"ஏனுங்க, எல்லாம் இதுல எழுதியிருக்கேன். முழுசாப் படிச்சுட்டு அப்புறம் பண்ணுங்க."

"கண்ணு, யார்கிட்ட சொல்றே? பதினாலு வருஷமா நான் என்ன வேலை பாக்கறேன்?"

"அதனாலதாங்க பயமா இருக்குது."

என் தொழிலைச் சொல்லிடறேன். திருப்பூர் நல்லூர்ல செப்பரேஷன் கடை வச்சிருக்கேன். பனியன்ல ஒரு படம் பிரிண்ட் அடிக்கணும்னா அதை மொதல்ல கலர் கலரா பிரிக்கணும். சிவப்புக்கு ஒரு பிலிம், மஞ்சளுக்கு ஒரு பிலிம். ஒவ்வொரு பிலிமும் வெறும் கறுப்பு வெள்ளையாத்தான் இருக்கும். அதை வச்சு ஸ்க்ரீன் போட்டு, ஒண்ணு மேல ஒண்ணா அடிச்சா சிங்கமோ மண்டையோடோ பனியன்ல வந்து உக்காரும்.

கடைக்குப் போய் பென்டிரைவைச் சொருகிட்டு, டீ குடிச்சுட்டு வந்து தொறந்தேன்.

நாலு படம். நாலும் கறுப்பு வெள்ளை!

சீட்டை எடுத்துப் பாத்தேன். மொத ரெண்டு வரி: "சாட்டிலைட் ஒவ்வொரு கலரையும் தனித்தனியா எடுக்கும். நீலம், பச்சை, சிவப்பு, அப்புறம் நம்ம கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட். ஒவ்வொண்ணும் ஒரு பேண்ட்."

அட! இது நம்ம பிலிம்தானே!

எனக்கு ஒரே சந்தோஷம். சாட்டிலைட்டும் நானும் ஒரே தொழில். அது மேல இருந்து பண்ணுது, நான் நல்லூர்ல இருந்து பண்றேன். சீட்டை மடிச்சு சட்டைப் பையில போட்டுட்டேன். அதுல இன்னும் ஏழெட்டு வரி பாக்கி இருந்துச்சு.

கடையில எனக்குத் துணை ஜெபாக்கா. நாசரேத் பக்கம் சொந்த ஊரு. பிலிம் செக் பண்றது, ஸ்க்ரீன் போடறதெல்லாம் அவங்கதான். என்னைவிடப் பத்து வயசு மூத்தவங்க. அதனால நான் மொதலாளியா இருந்தும் அவங்களுக்குத் தம்பிதான்.

"இது எந்த பையர் டிசைன் தம்பி?"

"டிசைன் இல்லக்கா, குண்டடம்."

"குண்டடமா? பனியன்ல இதப் போட்டா எவன் வாங்குவான்?"

"பனியனுக்கு இல்லக்கா, பிஎச்.டி.க்கு."

வேலையை ஆரம்பிச்சேன். கவிதா ஏத்தி வச்ச சாஃப்ட்வேர் பக்கமே போகலை. நான் தெனமும் சிங்கத்துக்கும் மண்டையோட்டுக்கும் உபயோகப்படுத்தற போட்டோ சாஃப்ட்வேர்லயே தொறந்தேன்.

படம் நாலும் மங்கலா இருந்துச்சு. இப்படியே அனுப்புனா நம்ம கடைப் பேரு என்ன ஆகறது? வெளிச்சத்தை ஏத்தி, கறுப்பை அழுத்தி, பளிச்சுனு ஆக்கினேன். கன்ட்ரோல் எஸ்.

அப்பத்தான் அதைப் பாத்தேன். நாலாவது படத்துல, நட்ட நடுவுல, கன்னங்கரேல்னு ஒரு கறை! அவரைக்கொட்டை சைஸ் இருக்கும்.

திருப்பூர்க்காரன் கண்ணுல கறை பட்டுட்டா அப்புறம் அவனுக்கு நிம்மதி ஏது? ஒரு சொட்டு எண்ணெய்க் கறைக்காக மொத்த சரக்கையும் திருப்பி அனுப்பற வெளிநாட்டு பையர்களைப் பாத்து வளந்த ஊரு இது.

ஜெபாக்கா எட்டிப் பாத்தாங்க. "தம்பி, அது கறைதானா? படத்தோடயே வந்ததா இருக்கப் போவுது."

"லென்ஸ்ல தூசிக்கா. அவ்வளவு ஒசரத்துல போய் யாரு தொடைக்கறது?"

பக்கத்துல இருக்கற நல்ல எடத்தை எடுத்துக் கறை மேல ஒட்டிவிட்டேன். மூணே தடவைதான். சுத்தமா மறைஞ்சுபோச்சு. மத்த மூணு படத்துலயும் அதே எடத்துல லேசா ஒரு நிழல் இருந்துச்சு. அதையும் விடலையே! கன்ட்ரோல் எஸ், கன்ட்ரோல் எஸ், கன்ட்ரோல் எஸ்.

அடுத்தது வரிசை. பனியன்ல மொதல்ல வெளிர் கலர் அடிக்கணும், கடைசியாத்தான் அடர் கலர். மாத்தி அடிச்சா எல்லாம் அழுக்காயிடும். இந்த நாலுல எது வெளிர்னு பாத்தேன். இன்ஃப்ராரெட்தான் நல்லா வெளுப்பா இருந்துச்சு. அதைத் தூக்கி மொதல்ல வச்சேன். நீலம் ஒரே இருட்டு. நீ கடைசிக்குப் போ.

அப்புறம் நாலு மூலையிலயும் கூட்டல் குறி. ஸ்க்ரீன் நாலும் நகராம ஒண்ணு மேல ஒண்ணு உக்காரணும்னா இது இல்லாம முடியாது. ஓரத்துல அழகா "குண்டடம், 4 கலர், ஃப்ரன்ட்"னு எழுதினேன். ஃப்ரன்டா பேக்கான்னு எழுதலைன்னா பிரிண்டிங் பசங்க மாத்தி அடிச்சுடுவாங்க, அந்தப் பழக்கம்.

கடைசியா நாலையும் ஒரே ஃபைலா சேவ் குடுத்தேன். கம்ப்யூட்டர் நீளமா ஒரு கேள்வி கேட்டுச்சு. ஏதோ தகவல் போயிடுமாம், பரவாயில்லையான்னு. பதினாலு வருஷத்துல அந்தக் கேள்வியை நான் ஒரு தடவைகூட முழுசாப் படிச்சதில்லை.

ஓகே!

மெயில்ல என்ன எழுதறதுன்னு யோசிக்கவே இல்லை. எங்க தொழில்ல சாம்பிளை பையருக்கு அனுப்பி, அவங்க சம்மதம் சொன்னாத்தான் பல்க் ஓட்டுவோம், அதாவது மொத்த பனியனையும் அடிப்போம். அதுக்குன்னு எழுதி வச்ச மெயில் ஒண்ணு எப்பவும் தயாரா இருக்கும். பேரை மட்டும் மாத்தினேன். "மதிப்பிற்குரிய மேடம், நாலு கலர் ஆர்ட்வொர்க் இணைத்துள்ளோம். கறைகள் நீக்கப்பட்டுள்ளன. அப்ரூவல் கொடுத்தால் பல்க் ஓட்டிவிடலாம்." கீழ கடை பேரு, என் போன் நம்பர்.

மணி பன்னெண்டரை. ரெண்டரை மணி நேரம் முன்னாடியே முடிச்சாச்சு! ஜெபாக்காவுக்கும் சேத்து ஒரு முட்டை பப்ஸ் வாங்கிக் குடுத்தேன்.

ஒரு மணிக்குப் போன் அடிச்சுது.

"வணக்கங்க. கவிதா வீட்டுக்காரருங்களா? நான் அவங்க கைடு பேசறேன்."

"வணக்கங்க மேடம்! ஃபைல் வந்துருச்சுங்களா?"

"வந்துச்சுங்க. இது எந்த ஊருங்க?"

"குண்டடம்ங்க."

"என் கம்ப்யூட்டர்ல இது ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துல நடுக்கடல்ல கெடக்குதுங்க."

"திருப்பூர்ல இருந்து எல்லாப் பக்கமும் போகுதுங்க மேடம்"னு சொல்லிட்டேன். சத்தியமா சொன்னேங்க.

மேடம் பொறுமையா வெளக்குனாங்க.

"படத்துக்குள்ளயே அட்ரஸ் இருக்கணுங்க. பூமியில இது எந்த எடம்னு. உங்க ஃபைல்ல அது காணாமப் போயிருக்குது. அட்ரஸ் இல்லாத படத்தை சாஃப்ட்வேர், அட்சரேகையும் தீர்க்கரேகையும் பூஜ்யமா இருக்கற எடத்துல கொண்டுபோய்ப் போட்டுடும். அந்த எடம் கடலுங்க."

"ஓ..." கம்ப்யூட்டர் கேட்ட அந்த நீளக் கேள்வி ஞாபகம் வந்துச்சு.

"செடிகொடி எங்க இருக்குதுன்னு கணக்குப் போட்டுப் பாத்தேனுங்க. தாராபுரம் ரோடு பச்சைப்பசேல்னு இருக்குது. தென்னந்தோப்பெல்லாம் தார் போட்டாப்ல வருது."

"வெளிர் கலரை மொதல்ல அடிச்சிருக்கேங்க மேடம்."

"என்ன பண்ணியிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க. நீங்க சொல்லுங்க."

"நாலு மூலையில நாலு கூட்டல் குறி நிக்குது. கணக்குப் போட்டா நெலத்துல ஒவ்வொண்ணும் அரைக் கிலோமீட்டர் வரும். 'ஃப்ரன்ட்'னு வேற எழுதியிருக்குது. பூமிக்கு பேக் தனியா வருங்களா?"

எனக்கு வேர்த்து ஊத்துச்சு. ஜெபாக்கா ஃபேனை என் பக்கம் திருப்பி வச்சாங்க.

"அதெல்லாம் போகட்டுங்க." மேடம் குரல் தணிஞ்சுது. "குளம் எங்கீங்க?"

"எந்தக் குளம்ங்க?"

"கவிதாவோட ஆராய்ச்சியே அந்தக் குளம்தானுங்களே! ஊரே சேந்து தூர் வாருன குளம். எத்தனை மாசம் தண்ணி நிக்குதுன்னுதான் ரெண்டு வருஷமாப் பாத்துட்டிருக்காங்க. இன்ஃப்ராரெட்ல தண்ணி கன்னங்கரேல்னு தெரியும். படத்துல நட்ட நடுவுல இருக்கணும். நீங்க அனுப்புனதுல வெறும் காடுதான் இருக்குது."

அவரைக்கொட்டை!

"மூணு மணிக்குள்ள சரியான ஃபைல் வரலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க"ன்னு சொல்லிட்டு மேடம் வச்சுட்டாங்க.

பையில இருந்து சீட்டை எடுத்தேன். மீதி வரியெல்லாம் படிச்சேன். "போட்டோ சாஃப்ட்வேர்ல தொறக்காதீங்க, அட்ரஸ் போயிடும்." "வரிசையை மாத்தாதீங்க." "கலரை அழகு பண்ணாதீங்க." அதுக்குக் கீழ, "நாலாவது பேண்ட்ல நடுவுல கறுப்பாத் தெரியறதுதான் நம்ம குளம். பாருங்க."

அந்தப் 'பாருங்க'வைப் படிச்சதும் எனக்கு ரொம்ப வெக்கமாப் போச்சு. மாசாமாசம் ஞாயித்துக்கெழமை பஸ் ஏறிப் போய், குளத்துல எறங்கிக் குச்சி வச்சு ஆழம் அளந்துட்டு, மூஞ்சி கறுத்துப்போய்த் திரும்பி வருவா. நான் பஸ் ஸ்டாண்டுல எறக்கிவிட்டதோட சரி. ஒருநாள்கூட அந்தக் குளம் எப்படி இருக்கும்னு கேட்டதில்லை. அவ எனக்குக் காட்டணும்னு ஆசைப்பட்டு எழுதியிருக்கா. நான் அதைத் துடைச்சு வச்சிருக்கேன்.

சரி, பென்டிரைவுல ஒரிஜினல் இருக்குமேன்னு ஓடினேன். இல்லை! பென்டிரைவுல இருந்தே தொறந்து, அதுலயேதானே கன்ட்ரோல் எஸ்ஸா அமுக்கித் தள்ளினேன்? அது பாட்டுக்கு ஒரிஜினல் மேலயே ஏறி உக்காந்திருக்கு.

அப்ப எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. குளத்தை நானே வரைஞ்சுட்டா என்ன?

உடனே கவிதாவோட அண்ணனுக்குப் போன் போட்டேன். பழனிசாமி மச்சான். குளத்துக்குப் பக்கத்துலதான் தோட்டம்.

"மச்சான், உங்க ஊர்க் குளம் என்ன ஷேப்புங்க?"

"என்னங்க மாப்ள?"

"வட்டமா இருக்குங்களா, நீளமாங்களா?"

"குளம் குளமாட்டத்தானுங்க இருக்குது."

"தண்ணி இருக்குதுங்களா?"

"முழங்கால் மட்டும் கெடக்குதுங்க. ஏனுங்க மாப்ள, மீனு வேணுங்களா? நாளைக்குத்தான் புடிக்கறதா இருந்தோம்."

"ஆமாங்க, ஆமாங்க. அதை விடுங்க. மேல இருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

"எவ்வளவு மேல இருந்துங்க?"

"எவ்வளவு முடியுதோ அவ்வளவு மேல இருந்துங்க மச்சான்!"

பாவம், நல்ல மனுஷன். ஏன் எதுக்குன்னு கேக்கலை. பத்து நிமிஷத்துல போட்டோ வந்துச்சு. தென்னை மரத்துல பாதி ஏறி எடுத்திருக்கார். படத்துல முக்கால்வாசி அவர் காலு. மிச்சத்துல ரெண்டு ஆடு. அந்த ரெண்டு ஆட்டுக்கு நடுவுல ஒரு ஓரமா கொஞ்சம் தண்ணி மின்னுச்சு.

மணி ஒண்ணே முக்கால். பிரஷ்ஷை எடுத்தேன், கறுப்பு கலர் வச்சேன்.

"தம்பி." ஜெபாக்கா பின்னால நிக்கறாங்க. "என்ன செய்யுதீய?"

"குளம் வெட்டறேன்க்கா."

"அந்தப் புள்ள ரெண்டு வருஷம் வெயில்ல நின்னு அளந்தத, நீங்க பொய்யா வரஞ்சு குடுக்கப் போறீயளா? நாளைக்கு யாராவது அளந்து பாத்தா அவளுக்குத்தான கெட்ட பேரு?"

எனக்குக் கை நின்னுடுச்சு. அழுகை வராத குறைதான். "ஒரிஜினல் போயிடுச்சுக்கா. எல்லாம் என்னாலதான். அவகிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"ஒரிஜினல் போயிட்டுன்னு யாரு சொன்னா?"

ஜெபாக்கா சுவத்தைக் காட்டினாங்க. அங்க ஒரு போர்டு தொங்குது. "கஸ்டமரின் ஒரிஜினல் ஃபைலில் யாரும் கை வைக்கக் கூடாது." மூணு வருஷம் முன்னாடி எவனோ ஒரு சிங்கத்தோட வாலை அழிச்சுத் தொலைச்சப்ப, நான்தான் கோவத்துல எழுதி மாட்டினேன்.

"நீங்க பென்டிரைவ சொருகிட்டு டீ குடிக்கப் போனீயல்லா? அப்பமே நாலையும் காப்பி எடுத்து மாஸ்டர்ல போட்டுட்டேன். எந்த ஃபைல் வந்தாலும் மொதல்ல அதத்தான செய்யச் சொல்லியிருக்கீய?"

கால்ல விழுந்திருப்பேன். அவங்க வேண்டாம்னு தள்ளிப் போயிட்டாங்க.

மாஸ்டர் போல்டரைத் தொறந்தேன். நாலு படமும் மங்கலா, அழுக்கா, அப்படியே இருந்துச்சு. நடுவுல அவரைக்கொட்டை! என் வாழ்க்கையில ஒரு கறையைப் பாத்து அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

இந்தத் தடவை சீட்டு ஜெபாக்கா கையில. அவங்க ஒரு வரி படிப்பாங்க, நான் ஒரு கிளிக் பண்ணுவேன், அப்புறம் கையைத் தூக்கி மடியில வச்சுக்கணும். அதுதான் ஒப்பந்தம். கவிதாவோட மேப் சாஃப்ட்வேரைத் தொற. நாலு படத்தையும் உள்ள எடு. நீலம், பச்சை, சிவப்பு, இன்ஃப்ராரெட், இதே வரிசை. ஒவ்வொண்ணும் தனித்தனி பேண்டாவே இருக்கணும்னு டிக் போடு. ஒரே ஃபைலா சேவ் பண்ணு.

"கூட்டல் குறி?"ன்னு கேட்டேன். பழக்க தோஷம்.

"மடியில கைய வைங்க தம்பி."

நாலு நிமிஷம்! மொத்தமே நாலு நிமிஷ வேலைங்க! காலையில மூணு மணி நேரம் நான் பண்ணுன அத்தனை வேலையும், அந்த நாலு நிமிஷத்தைக் கெடுக்கறதுக்காகப் பண்ணுனதுதான்.

சேவ் ஆனதும் தொறந்து பாத்தோம். குண்டடம் குண்டடத்துலயே இருந்துச்சு. அப்புறம்தான் மூச்சு விட்டேன். ஆனா ஃபைல் ரொம்பப் பெருசு, ஏறுது ஏறுது ஏறிக்கிட்டே இருக்குது. ரெண்டே முக்காலுக்கு மெயில் போச்சு. இந்தத் தடவை "ஃபைல் இணைத்துள்ளேன், மன்னிக்கவும்"னு மட்டும் எழுதினேன்.

மூணேகாலுக்குப் பதில் வந்துச்சு.

"கிடைத்தது. குளம் இருக்கிறது. ஊரும் ஊரிலேயே இருக்கிறது. கமிட்டி ஓகே சொல்லிவிட்டது. பல்க் ஓட்டலாம்."

நானும் ஜெபாக்காவும் கடையில குதிச்சோம். மொத மெயில், ரெண்டாவது மெயில், பதில் மெயில், எல்லாத்தையும் அழிச்சேன். கவிதாவுக்கு எதுக்கு வீணா டென்ஷன்?

சாயந்திரம் மச்சான் போன். "மாப்ள, தாராபுரத்துல இருந்து வர்ற பஸ்ல கண்டக்டர்கிட்ட மீனு குடுத்துவுட்டிருக்கேனுங்க. நீங்க கேட்டீங்கன்னு இன்னைக்கே எறங்கிப் புடிச்சாச்சு. பஸ் ஸ்டாண்டுல வாங்கிக்குங்க." நான் மீனையே மறந்துட்டேன்.

ரெண்டு கிலோ ஜிலேபி மீன். டப்பாவை எடுத்துக்கிட்டு ஊட்டுக்குப் போனா, கவிதா வந்துட்டா. மூஞ்சி பூரா சிரிப்பு.

"ஏனுங்க, கமிட்டி ஓகே சொல்லிட்டாங்களாம்!"

"சொல்லாம? நாலு நிமிஷ வேலை. அமுக்குனேன், போயிடுச்சு."

"அப்படீங்களா." டப்பாவைத் தொறந்து பாத்தா. "ஏதுங்க மீனு?"

"மச்சான் குடுத்துவுட்டாரு."

"எந்தக் குளத்து மீனுங்க?"

"உங்க ஊர்க் குளம்தான். வேற எது?"

கவிதா ஒரு மீனைக் கையில எடுத்து, நல்லா திருப்பித் திருப்பிப் பாத்தா.

"அந்தக் குளம் மத்தியானம் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துல இருந்துச்சுன்னு மேடம் சொன்னாங்களே. அங்கிருந்து அதுக்குள்ள பஸ் வந்துருச்சுங்களா?"

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியலை. மீனை டப்பாவுல போட்டுட்டு, அங்கேயே உக்காந்து கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. நான் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழமை குச்சியை நான்தான் புடிக்கணும்னு தீர்ப்பு ஆச்சு. மீனை நானே கழுவிக் குடுத்தேன். கறையெல்லாம் போக நல்லா கழுவுங்கன்னு பின்னாலயே நின்னு சொன்னா.

இன்னைக்குக் காலையில கடையைத் தொறந்தேன். சுவத்துல அந்த போர்டு. "கஸ்டமரின் ஒரிஜினல் ஃபைலில் யாரும் கை வைக்கக் கூடாது." அதுக்குக் கீழ ஜெபாக்கா கையெழுத்துல, கறுப்பு மார்க்கர்ல, புதுசா ஒரு வரி.

"முதலாளி உட்பட."